நாலு மீனுக்கு மேல் தராதவர்

மீன் கடை வைத்துக்கொண்டு, மீன் வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு நாலு தடவையாவது பார்த்திருப்பேன். கடை நிறைய மீன் நீந்திக்கொண்டிருக்கும். வந்தவர் கையில் காசோடு நிற்பார். கடைக்கார அக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, "உனக்கு இல்லப்பா, போயிட்டு வா" என்பார்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அந்த வண்ணமீன் கடை. பத்தடி தள்ளி எங்கள் ஜீப்பு ஸ்டாண்டு. போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிற ஜீப்பு டிரைவர் நான். அன்றைக்கும் அதுதான் பிழைப்பு, இன்றைக்கும் அதுதான். ஸ்டாண்டில் எங்களுக்கு அவர் தொட்டிக்கடை அக்கா. பெயர் என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐம்பது வயது இருக்கும். இடது கை எப்போதும் முழங்கை வரை ஈரம், வலது கை காய்ந்திருக்கும். ஈரக்கை மீனுக்கு, காய்ந்த கை மனுசருக்கு என்பார். கழுத்தில் தையல்காரர் மாதிரி ஒரு அளவு நாடா தொங்கும். "உங்க தொட்டி எம்புட்டு பெருசு?" என்று கேட்டால், நம் ஆட்கள் இரண்டு கையையும் அகல விரித்து "இம்புட்டு" என்பார்கள் இல்லையா? விரித்த கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லி, அந்த இடைவெளியில் நாடாவைப் பிடித்து அளந்துவிடுவார். அளவு நாடா வந்ததும் பாதிப் பேருக்குக் கை தானாகச் சுருங்கும். நான் கண்ணால் கண்டது.

அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு. தொட்டி எத்தனை அடி? இப்போது உள்ளே என்ன இருக்கிறது? உங்கள் தெருவில் கரண்டு போனால் எப்போது வரும்? மூன்றாவது கேள்வியில் எல்லாரும் முழிப்பார்கள். மீன் வாங்க வந்தவனிடம் கரண்டைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று நானும் முழித்தவன்தான்.

நான் மீன் வாங்கப் போனதற்குக் காரணம் என் பெண்டாட்டி. பதினேழு கொண்டை ஊசி வளைவில் தினமும் ஏறி இறங்கி எனக்கு பிரஷர் வந்துவிட்டது. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரஷர் இறங்கும் என்று அவள் போனில் எதையோ பார்த்திருக்கிறாள். இரண்டடித் தொட்டியும் இருபது மீனும் வாங்கி வரச் சொன்னாள். அக்கா தொட்டியைக் கொடுத்தார், காற்று மோட்டார் கொடுத்தார். மீன் கொடுக்கவில்லை. அதற்குப் பதில், அவர் தொட்டியின் பில்டரிலிருந்து பழுப்பேறிய பஞ்சு ஒரு துண்டைப் பிய்த்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோயி உன் பில்டர்ல வையி. தெனமும் ஒரு சிட்டிகை தீனி போடு. மூணு வாரங் கழிச்சு வா."

"மீனே இல்லையேக்கா, தீனி யாருக்கு?"

"தண்ணிக்கு. மீனோட அழுக்கைத் தின்னு செமிக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி அந்தப் பஞ்சுலதான் குடியிருக்கு. அதுக்கு முதல்ல சோறு போடு. அது பெருகுன பெறவு மீனு."

என் வீட்டில் நடந்ததைக் கேட்க வேண்டுமா? "காசு குடுத்து அழுக்குப் பஞ்சு வாங்கியாந்திருக்காரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். வெறுந்தொட்டிக்கு நான் தினமும் காலையில் தீனி போடுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை சன்னலோரம் வந்து நிற்பான். அவன் தேனிக்குப் போய் ஒரே நாளில் என்னுடையதைப் போலவே ஒரு தொட்டியும் இருபத்திரண்டு மீனும் வாங்கி வந்தவன். அவன் வீட்டில் தொட்டி திருவிழா மாதிரி இருக்கும். என் வீட்டில் விளக்குப் போட்ட தண்ணீர்.

மூன்று வாரம் கழித்து இரண்டு மோலி மீன் தந்தார். போடி போர்வெல் தண்ணீரின் உப்புக்கு மோலிதான் ஒத்துக்கொள்ளும் என்றார். ஒரு மாதம் கழித்து இன்னும் இரண்டு. நான்குமே ஆண். குட்டி போட்டுப் பெருகிவிடக் கூடாதாம். "அம்புட்டுதான். இனிமே மீனு கேட்டு வராத, பேச வேணும்னா வா" என்று சொல்லிவிட்டார். ஐந்தாவது மீனுக்காக நான் கெஞ்சியதை ஸ்டாண்டில் வைத்து இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

பேசத்தான் போனேன். சவாரி இல்லாத மதியங்களில் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து, அவர் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை வேடிக்கை பார்ப்பேன். ஒரு நாள் காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்தார். தொட்டியில் ஐந்து மீன் இருப்பதாகவும் இன்னும் இரண்டு வேண்டும் என்றும் கேட்டார்.

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான். அப்புறம் அந்தக் கண்ணாடி தொடைக்கிற மீனு ஒண்ணு கெடக்கு. அது கணக்கில்லை."

அக்கா ஈரக்கையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார். எடுத்தால் கோபம் என்று அர்த்தம்.

"ஏன், அது மூச்சு விடாதா? ஒரு முழத்துக்கு வளர்ற சாதி அது. உங்க அஞ்சும் சேந்து போடுற அழுக்கை அது ஒண்ணே போடும். எல்லாருக்கும் சோலி பாக்குற உசுரை மட்டும் எப்பிடித்தான் எண்ணாம விட்டுர்றீங்களோ, எனக்கு வெளங்கவே இல்லை சார்."

வாத்தியார் மீன் வாங்காமல் போனார். ஆனால் அடுத்த வாரமே அந்தக் கண்ணாடி துடைக்கிற மீனை வாளியில் வைத்துக் கொண்டுவந்து அக்காவின் பெரிய தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். இப்படி வந்து சேர்ந்த மீன்கள் அந்தக் கடையில் விற்ற மீன்களைவிட அதிகம். வியாபாரம் என்று பார்த்தால் அக்காவுக்குச் சமர்த்து போதாது. எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். அடுத்தவர் வீட்டுத் தொட்டியைப் பற்றி இவருக்கு ஏன் இவ்வளவு கவலை என்று நினைப்பேன்.

அந்தக் கவலை எதுவரை போகும் என்பதை எங்கள் முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பார்த்தேன். முதலாளி என்றால், நான் ஆள் ஏற்றிப் போகிற ஏலத்தோட்டத்துக்குச் சொந்தக்காரர். புது வீட்டின் வடகிழக்கு மூலையில் எட்டுத் தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் வைக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடும், பரங்கிக்காய் அளவு கண்ணாடிக் குடுவையோடும் முதலாளியே கடைக்கு வந்தார். அக்கா முடியாது என்றார். "வாஸ்துக்காரரு உங்க வீட்டுக்குப் பாத்தாருண்ணே, மீனோட வீட்டுக்குப் பாக்கலையே" என்றும் சொன்னார். முதலாளி வேறு ஊரில் வாங்கிக்கொண்டார்.

கடைத்தெருவுக்கே பத்திரிகை வைத்திருந்ததால் விழாவுக்கு அக்காவும் வந்திருந்தார். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், குடுவையைப் பார்த்ததும் நின்றார். ஒன்பது மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "பாரேன், பேசுது" என்று பெண்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராகப் பின்கட்டுக்குப் போனார். கை கழுவத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த அண்டாவைச் சமையல்காரர்களைக்கொண்டு தூக்கிவரச் சொல்லி, குடுவையை அதில் கவிழ்த்துவிட்டார்.

முதலாளி வீட்டம்மாள் ஓடி வந்தார். "நல்ல நாளு அதுவுமா என்ன பண்றீங்க? செத்தா செத்துட்டுப் போகுது. வீட்டுக்கு வர்ற கண்டத்தை அது வாங்கிக்கிரும். அதுக்குத்தானே வைக்கிறது!"

இது எங்கள் பக்கத்தில் பலரும் நம்புவது. மீன் செத்தால் யாரும் தொட்டியைச் சந்தேகப்படுவதில்லை. வீட்டில் யாருக்கோ வர இருந்த ஆபத்தை மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டது என்று கும்பிட்டுவிட்டு, அடுத்த மீன் வாங்கி விடுவார்கள். என் பெண்டாட்டியும் அந்தக் கட்சிதான்.

"கண்டமா?" என்றார் அக்கா. "ஆத்தா, இதுக குடிக்கிற தண்ணியும் இதுதான், வெளிக்குப் போற எடமும் இதுதான். ஒம்பது பேரை ஒரு கக்கூசுக்குள்ள போட்டுப் பூட்டிட்டு, செத்தா கண்டம்னு சொல்வீங்களா?"

பந்தியில் இருந்த எனக்குப் பாயாசம் மூக்கில் ஏறிவிட்டது. சிரித்தது நான் என்பதை முதலாளி பார்த்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக அவர் என்னிடம் பல மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அக்கா பாயாசம் சாப்பிடாமலே போனார். அண்டாவில் பிழைத்த ஐந்து மீன் மறுநாள் அவர் கடைக்கு வந்து சேர்ந்தன.

அந்த வருடம் ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்டு இல்லை. மலையில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. காற்று மோட்டார் ஓடவில்லை. இரண்டாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு மாப்பிள்ளையின் தொட்டியில் இருபத்திரண்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன. என் வீட்டில் நாலும் எதுவுமே நடக்காத மாதிரி தீனி கேட்டு முன் கண்ணாடிக்கு வந்தன. மூன்றாவது கேள்வி எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. குடை கூடப் பிடிக்காமல் கடைக்கு ஓடினேன்.

"நாலும் பொழைச்சிருச்சுக்கா!"

"பொழைக்கும். மோட்டார் ஓடுற அன்னைக்கு எத்தனை மீனு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி. அது நிக்கிற அன்னைக்கு எத்தனை மீனு உசுரோட இருக்குமோ, அதுதான் தொட்டிக்குக் கணக்கு."

சொல்லிக்கொண்டே வெளியே பார்த்தார். என் ஜீப்பு நின்றுகொண்டிருந்தது. பத்துப் பேருக்கான வண்டி. அதில் உள்ளே பன்னிரண்டு பேரும், இரண்டு பக்கப் படியிலும் பின்னாலும் தொங்கிக்கொண்டு ஏழு பேருமாகப் பெண்கள் ஏறி முடித்து என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பிரேக்கு பிடிக்கிற அன்னைக்கு பத்தொம்பது பேரு போகலாம்" என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மீனும் மனுசனும் ஒண்ணாக்கா? நான் விட்டுட்டுப் போனா அந்தப் பொம்பளைகளுக்கு அன்னைக்கு வேலை இல்லை. வேலை இல்லைன்னா அடுப்பு எரியாது. நீங்க சொல்லிட்டு தொட்டி கழுவப் போயிருவீங்க."

"விட்டுட்டுப் போகச் சொல்லலையே. ரெண்டு நடை போ."

"டீசலு யாரு போடுவா? ஒரே நடையில கொண்டுவந்து எறக்கச் சொல்றாரு முதலாளி."

"அது எனக்குத் தெரியாதுப்பா. எனக்குத் தொட்டிதான் தெரியும்" என்று ஈரக்கையை மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. சொன்னது தப்பாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்து போயிருப்பேன். சரியாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம். காலையில் பெண்கள் ஏறும்போதெல்லாம் வாய் தானாக எண்ணிற்று. பதினைந்து, பதினாறு, பதினேழு. வளைவில் வண்டி சாயும்போது படியில் தொங்குகிறவர்களின் சேலை பாறையில் உரசுகிற சத்தம் அதற்கு முன் எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது அது மட்டும்தான் கேட்டது.

தைப்பொங்கல் முடிந்து ஒரு நாள், படியில் ஏற வந்தவர்களை நிறுத்திவிட்டேன். "பத்துப் பேரு ஏறுங்க. மத்தவங்க நில்லுங்க, எறக்கிவிட்டுட்டு வெரசா வர்றேன்" என்றேன். திட்டு என்றால் அப்படியொரு திட்டு. முந்தைய நடைக்காரர்கள் குளிரில் இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று திட்டினார்கள். பிந்தைய நடைக்காரர்கள், நேரங்கழித்துப் போனால் கங்காணியிடம் யார் பேச்சு வாங்குவது என்று திட்டினார்கள். முதலாளி கூப்பிட்டு அனுப்பி, வேறு ஜீப்பு பார்த்துக்கொள்ளவா என்று கேட்டார். ஒரு மாதம் டவுன் சவாரிக்குப் போய் டீசலுக்கு ஈடு கட்டினேன். இதையெல்லாம் அக்காவிடம் நான் சொல்லவில்லை. பத்தடி தூரத்திலிருந்து அவருக்கே தெரிந்திருக்கும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில்தான் அது நடந்தது. சாயங்காலம், போடிமெட்டிலிருந்து முதல் நடை இறக்கம். தூறல், மூட்டம். நான்காவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன், பெடல் அப்படியே தரை வரை போய்விட்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை. கியரை இழுத்துக் குறைத்தேன், வண்டி அலறியது. வலது பக்கம் பள்ளம். வேறு வழியில்லாமல் இடது பக்கம் பாறையோடு சேர்த்து ஒடித்தேன். பக்கவாட்டுத் தகரம் முழுக்கக் கிழிந்துகொண்டே போய், சாலையோர ஓடைக்குள் சக்கரம் இறங்கி வண்டி நின்றது.

உள்ளே அழுகைச் சத்தம். ஒரு பெண்ணுக்கு நெற்றியில் காயம், இன்னொருத்திக்குக் கை வீக்கம். மற்றபடி எல்லாரும் இறங்கினார்கள், எல்லாரும் நின்றார்கள். நானும் இறங்கி இடது பக்கம் போய்ப் பார்த்தேன். படி இல்லை. பாறை அதை அப்படியே வழித்து எடுத்துவிட்டிருந்தது. போன மாதம் வரை நாலு பேர் நின்று வந்த இடம் அது. அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்டிக்கொண்டே வந்த கிழவி ஒருத்தி என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் பெண்டாட்டி என்னைப் பார்க்காமல் தொட்டிக்கு ஓடினாள். எது செத்திருக்கிறது என்று பார்க்கத்தான். விளக்கைப் போட்டாள். குனிந்து எண்ணினாள், மறுபடி எண்ணினாள். நாலும் இருந்தன. முன் கண்ணாடிக்கு வந்து தீனி கேட்டன.

"ஒண்ணும் சாகலையே" என்றாள், நம்ப முடியாதவளாக. பிறகுதான் என்னிடம் வந்து அழுதாள்.

மறுநாள் காலையில் அக்கா கடைக்குப் போனேன். விசயம் அதற்குள் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்திருந்தது. அவர் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சொல்லாததையெல்லாம் சொன்னேன். ரெண்டு நடை போனது, திட்டு வாங்கியது, படி போனது, நாலு மீனும் இருந்தது. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு அப்போது நாற்பது வயது. ஆனாலும் ஆசை.

"வண்டி எத்தனை பேருக்கு?" என்றார்.

"பத்துக்கா."

"நேத்து எத்தனை பேரு?"

"கரெக்டா பத்துக்கா. எண்ணித்தான் ஏத்துனேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அக்கா ஈரக்கையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

"உன்னைய சேத்தா?"

இருபது வருடமாக ஜீப்பு ஓட்டுகிறேன். முதலாளி ஆள் எண்ணியிருக்கிறார், கங்காணி எண்ணியிருக்கிறார், செக்போஸ்டில் எண்ணியிருக்கிறார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற என்னை யாரும் எண்ணியதில்லை. நானும் எண்ணியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா காய்ந்த கையால் என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "போ, வண்டியைப் பட்டறைக்கு விடு" என்று திரும்பிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, அக்கா கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். போவதற்கு முன், பெரிய தொட்டி மீன்களை யார் யார் வீட்டில் இடமிருக்கிறது என்று நாடாவோடு போய் அளந்து பார்த்து, பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எனக்குத் தரவில்லை. என் தொட்டியில்தான் இடமில்லையே.

இன்றும் காலையில் ஜீப்பில் ஆள் ஏற்றும்போது கதவுப் பக்கம் நின்று எண்ணுகிறேன். முதலில் என் நெஞ்சில் கை வைத்து, "ஒண்ணு" என்கிறேன். பிறகுதான் மற்றவர்கள்.